இன்மை சான்றாகுமா? – கால்டுவெல்லின் வாதம் ஒன்று குறித்த திறனாய்வு

1. முன்னுரை

வாத நூலொன்றை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அதன் முடிபையே முதலில் நோக்குகின்றனர். முடிபு உடன்பாடாயின் சான்றுகள் வலியன என்கின்றனர். உடன்பாடன்றாயின் அவை போதா என்கின்றனர். இவ்விரு மதிப்பீடுகளுக்கும் முற்பட்ட வினா ஒன்று ஆராயப்பெறாமலே போய்விடுகிறது. ஒரு செய்தி எந்தக் கட்டத்தில், எதன் துணையால், 'சான்று' என்னும் தகுதியைப் பெறுகிறது என்பதே அவ்வினா. கல்லோ ஏடோ சொல்லோ தானாகச் சான்றாவதில்லை. அது எதற்குச் சான்று எனத் துணியும் கருத்து ஆசிரியரிடம் முன்னரே இருத்தல் வேண்டும். அக்கருத்து நூலில் வெளிப்படையாகக் கூறப்படுவதும் உண்டு. கூறப்படாமல் அடியில் நின்று இயங்குவதும் உண்டு. கூறப்படாமல் நிற்பதனை இக்கட்டுரை 'முற்கோள்' எனக் குறிக்கிறது. ஆய்வாளர் சோதனைக்கு உட்படுத்தும் கருதுகோள் வேறு, முற்கோள் வேறு. கருதுகோளைச் சான்று சோதிக்கிறது. முற்கோளோ சான்றையே தேர்ந்து தருகிறது.

இவ்வியக்கத்தைத் தெளிவாகக் காட்டும் பனுவல் நம் துறையிலேயே உள்ளது. இராபர்ட் கால்டுவெல் (1814–1891) இயற்றிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. திருத்தி விரிக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது. அதன் நெடிய முன்னுரையில், பிராமணர் வருகைக்கு முன்னர்த் திராவிடர் எய்தியிருந்த நாகரிக நிலையைச் சொற்களை மட்டுமே கொண்டு வரைந்து காட்டும் சிறு பகுதி ஒன்று இடம்பெற்றுள்ளது. பிற்காலத் தமிழக வரலாற்று நூல்களிலும் பண்பாட்டு நூல்களிலும் பலவாறு எடுத்தாளப்பட்ட பகுதி அது. அப்பகுதியின் வாத அமைப்பையும், அதில் சான்றுகள் உருவாகும் முறையையும், அம்முறை மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உணர்த்துவதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். கால்டுவெல்லின் பணிக்கு மாசு கற்பிப்பது நோக்கமன்று. திராவிட மொழிகள் தனியொரு குடும்பம் என்பதனை ஒலியியல், சொல்லாக்கம், இடப்பெயர், எண்ணுப்பெயர், வினையமைப்பு ஆகிய துறைதோறும் விரிவாக நிறுவிய பெருமை அவருக்குரியது. அந்நிறுவல் இன்றும் நிலைபெற்றுள்ளது. சிறந்த நூலில் நேரும் வழுவே கற்பவருக்கு மிகுதியும் பயன்படும் என்பதனாலேயே இப்பகுதி தேர்ந்துகொள்ளப்பட்டது.

2. வாதத்தின் அமைப்பு

பண்டைத் தமிழரிடையே வழங்கிய தூய தமிழ்ச் சொற்களைத் திரட்டினால் அவர்தம் வாழ்வின் கோட்டோவியம் கிடைக்கும் என்பது கால்டுவெல்லின் அணுகுமுறை. அவர் தரும் பட்டியலின் சாரம் வருமாறு: அவர்களுக்கு அரசர் இருந்தனர், அரண்கள் இருந்தன, பாணர் இருந்தனர், எழுத்தும் ஓலையும் இருந்தன. பரம்பரைப் பூசாரியரும் படிமங்களும் இல்லை. விண்ணுலகு, நரகு, உயிர், பாவம் ஆகியன பற்றிய எண்ணம் இல்லை. ஆயினும் கடவுள் உண்மையை ஏற்றிருந்தனர். அவனைக் 'கோ' என்றனர். அவனுக்குக் கோயில் எடுத்தனர். சட்டமும் வழக்கமும் இருந்தன. வழக்கறிஞரும் நடுவரும் இல்லை. புதனும் சனியும் ஒழிந்த கோள்களை அறிந்திருந்தனர். தோணியும் படகும் சிறு கப்பலும் இருந்தன. கடல்கடந்த வாணிகம் இல்லை. மனத்தின் செயல்களைக் குறிக்கும் சொற்களிலேதான் அவர்தம் அறிவு வளர்ச்சியின் குறை நன்கு புலப்படுகிறது என்பது அவர் துணிபு. எண்ணத்தைக் குறிக்கச் சொல் இருந்தது. நினைவாற்றல், தீர்ப்பாற்றல், மனச்சான்று ஆகியவற்றுக்கு அதனின் வேறான சொல் இல்லை. விருப்புறுதியைக் குறிக்கச் சொல்லே இல்லை என்கிறார்.

இப்பகுதி எழுந்த சூழலை மறத்தலாகாது. தென்னிந்தியர் பிராமணர் வருகைக்கு முன் வெறும் காட்டு மாந்தராக இருந்தனர் என்னும் எண்ணம் அன்று ஐரோப்பியரிடையே பரவியிருந்தது. அதனை மறுத்து, நாகரிகத்தின் அடிப்படைக் கூறுகளையேனும் அவர்கள் தாமாகவே எய்தியிருந்தனர் என நிறுவுவதே கால்டுவெல்லின் கருத்து. எனவே இது தமிழரைத் தாழ்த்த எழுந்த வாதமன்று. அவர் சார்பில் எழுந்த வாதம். நட்புள்ளம் கொண்ட வாதத்திலும் முற்கோள் எவ்வாறு தொழிற்படும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகிறது.

வாதத்தின் நடையும் கருதத்தக்கது. வாக்கியங்கள் குறியன. 'இருந்தது', 'இல்லை' என்னும் இரு பயனிலைகளே மீண்டும் மீண்டும் வருகின்றன. 'இதனால் ஊகிக்கலாம்' என்பது போன்ற ஐயப்பாட்டுத் தொடர்கள் அருகியே காணப்படுகின்றன. சொல்லிலிருந்து பொருளுக்குத் தாவும் ஊகம் வாக்கியத்துக்குள் மறைந்துவிட, முடிபு மட்டும் செய்தியாக நிற்கிறது. அரசர் இருந்தனர் என்பதனை ஏற்ற படிப்பாளர், அதே மூச்சில் மனச்சான்று இல்லை என்பதனையும் ஏற்றுவிடுகிறார். இரண்டும் ஒரே வகைக் கூற்றாகத் தோன்றினும் உண்மையில் அவை வேறுவேறு. முன்னது ஒரு சொல்லின் உண்மையிலிருந்து பெறப்பட்டது. பின்னது ஒரு சொல்லின் இன்மையிலிருந்து பெறப்பட்டது.

3. ஒரு செய்தி, இரு முடிபுகள்

இவ்விரண்டாம் வகைக் கூற்றின் அடிப்படை யாது? தமிழில் ஒரு பொருளுக்கு இன்று வழங்குவது வடசொல்லாயின், அப்பொருள் வடவர் வருமுன் தமிழரிடம் இல்லை என்பதே. இதனைக் 'குறைநிரப்பு முற்கோள்' எனலாம். கடன்சொல் இல்லாமையை நிரப்ப வருகிறது என்பது இதன் உட்கிடை.

ஆனால் அதே முன்னுரையில், வேறொரு வாதத்தில், கால்டுவெல் இதற்கு நேர்மாறான நிலையை மேற்கொள்கிறார். தமிழ் வடமொழியிலிருந்து பிறந்ததன்று என நிறுவுமிடத்தில், தமிழ் வேண்டுமாயின் வடசொற்களை முற்றும் விலக்கி நிற்கவும், அவற்றின் துணையின்றித் தழைக்கவும் வல்லது என்கிறார். வடசொல் மிகப் பயிலும் சமய உரைநடையிற்கூட அதன் அளவு, அத்தகைய ஆங்கில நூல்களில் காணும் இலத்தீன் சொற்களின் அளவை விஞ்சுவதில்லை என்றும் எடுத்துக்காட்டுகிறார். இங்கே வடசொல் ஓர் அணிகலன், களைந்தால் குறைவில்லை. நாகரிகப் பகுதியில் அதே வடசொல் ஓர் ஊன்றுகோல். களைந்தால் எஞ்சுவது வெறுமை.

இரண்டு வாதங்களுக்கும் தரவு ஒன்றே: தமிழில் சமயத் துறையிலும் உளத் துறையிலும் வடசொற்கள் பயில்கின்றன என்பது. அத்தரவு முதல் வாதத்தில் தமிழின் தன்னிறைவுக்குச் சான்றாகிறது. இரண்டாவதில் தமிழரின் வறுமைக்குச் சான்றாகிறது. சான்று மாறவில்லை, அதனைச் சான்றாக்கும் முற்கோள் மாறியுள்ளது. முதல் வாதம் மொழிக் குடும்பத்தைப் பற்றியது. அதற்குத் தமிழின் தனித்தன்மை வேண்டப்பட்டது. இரண்டாம் வாதம் நாகரிக வளர்ச்சிப் படிகளைப் பற்றியது. அதற்கு ஒரு தொடக்க நிலை வேண்டப்பட்டது. ஒவ்வொரு வாதமும் தனக்கு வேண்டிய வகையில் கடன்சொல்லின் இயல்பை வரையறுத்துக்கொண்டது. இரு வரையறைகளும் அருகருகே வைக்கப்படாமையால் முரண் கண்ணிற் படவில்லை. வாத நூல்களைத் திறனாய்வோர் ஒரே தரவு எவ்வெவ்விடங்களில் ஆளப்படுகிறது எனத் தொகுத்து நோக்குதல் பயன்மிக்க முறை என்பதற்கு இதுவே சான்று.

4. தேடப்பட்ட சொற்கள் யாருடையவை?

இல்லாதன என அவர் கூறும் பொருள்களின் பட்டியலை நோக்கின் மற்றொரு முற்கோளும் புலனாகிறது. ஒரு மொழியில் இல்லாத சொற்கள் எண்ணிறந்தன. அவற்றுள் இன்னின்ன இல்லை எனக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டுமாயின், இருந்திருக்க வேண்டியன இவை எனும் பட்டியல் ஒன்று முன்னரே கையில் இருத்தல் வேண்டும். விண்ணுலகு, நரகு, உயிர், பாவம், மனச்சான்று, விருப்புறுதி என்னும் வரிசை யாருடைய தேவையிலிருந்து எழுந்தது?

கால்டுவெல் 1838இல் சென்னைக்கு வந்தார். 1841 முதல் இடையன்குடியில் சமயப் பணியாற்றினார். ஹென்றி பவர் தலைமையில் நிகழ்ந்த தமிழ் விவிலியத் திருத்தக் குழுவிலும் இடம்பெற்றார். இச்சொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களைத் தேடுவது அத்தகைய பணியில் நாள்தோறும் எதிர்ப்படும் இடர்ப்பாடு. கிறித்தவத் தமிழ் ஏற்றுக்கொண்ட ஆத்துமா, பாவம், பரலோகம், நரகம், மனச்சாட்சி ஆகியன பெரிதும் வடசொல் வழிப்பட்டன. இல்லாதன என ஒப்பிலக்கணம் காட்டும் பொருள்களுட் பல, மொழிபெயர்ப்பில் வடசொல்லால் நிரப்பப்பட்ட இடங்களே என்பது நோக்கத்தக்கது. மொழிபெயர்ப்பாளரின் வினாநிரல் வரலாற்றாசிரியரின் வினாநிரலாக மாறிவிட்டது எனல் பொருந்தும். பூசாரியும் படிமமும் இன்றி ஒரு கடவுளை ஏற்ற தொல்குடி என்னும் ஓவியமும், சீர்திருத்தக் கிறித்தவ நோக்கில் இயற்கைச் சமயம் எவ்வாறு இருத்தல் வேண்டுமோ அவ்வாறே அமைந்திருத்தல் காண்க.

இம்முறையை ஆங்கிலத்தின்மீதே செலுத்திப் பார்த்தால் அதன் வலுவின்மை வெளிப்படும். நினைவாற்றல், தீர்ப்பாற்றல், மனச்சான்று எனத் தமிழரிடம் இல்லாதனவாகக் கூறப்பட்ட மூன்றுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் மெமரி, ஜட்ஜ்மென்ட், கான்ஷன்ஸ் என்னும் சொற்கள் மூன்றும் பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன் சொற்கள். குறைநிரப்பு முற்கோளின்படி, நார்மானியர் வருமுன் ஆங்கிலேயருக்கு நினைவும் தீர்ப்பும் மனச்சான்றும் இல்லை என்றாகும். உண்மை அவ்வாறன்று. மனச்சான்றைக் குறிக்க 'இன்விட்' என்னும் சொந்தச் சொல் ஆங்கிலத்தில் வழங்கியது. 1340இல் பிரெஞ்சிலிருந்து பெயர்க்கப்பட்ட ஒரு சமய நூல் அச்சொல்லையே தன் தலைப்பில் கொண்டுள்ளது. பின்னர் இலத்தீன் சொல் வந்து அதனை வழக்கிலிருந்து அகற்றிற்று. கடன்சொல் வெற்றிடத்தை நிரப்ப வரவில்லை. இருந்ததனைத் தள்ளிவிட்டு அமர்ந்தது.

தமிழிலும் இந்நிகழ்ச்சி கண்கூடு. இன்றைய பேச்சுவழக்கில் 'ரத்தம்' என்பதே பெருவழக்கு. 'குருதி' எழுத்துவழக்கில் நிற்கிறது. இலக்கியங்கள் அனைத்தும் அழிந்து பேச்சு மட்டும் எஞ்சியிருக்குமாயின், தமிழர் உடலில் குருதி ஓடவில்லை என இம்முறை முடிவு செய்ய நேரும்.

மனத்தைக் குறிக்கத் தமிழர் உடலின் உட்பகுதியைக் குறிக்கும் சொல்லையே ஆண்டனர் என்பதனையும் அவர் வளர்ச்சிக் குறைவின் அறிகுறியாகக் கொள்கிறார். அவ்விடத்தில் ஓமரின் கிரேக்கச் சொல் ஒன்றை அவரே ஒப்புமையாகத் தருகிறார். உதரவிதானத்தைக் குறித்த அக்கிரேக்கச் சொல்லே மனத்தையும் குறித்தது. ஒரே சொற்பொருள் நிகழ்ச்சி ஓமரிடம் காவிய மொழியின் தொன்மையாகவும், தமிழரிடம் அறிவின் குறையாகவும் எண்ணப்படுமாயின், வேறுபாடு சொல்லில் இல்லை; சொல்லை நோக்குவோரின் எதிர்பார்ப்பில் உள்ளது.

5. கண்முன் இருந்த சொற்கள்

கால்டுவெல்லுக்குச் சங்க நூல்கள் கிடைக்கவில்லை. அதனால் நேர்ந்த பிழை இது எனச் சிலர் அமைதி கூறுவர். இதில் உண்மை உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும், புறநானூறு 1894இலும் அச்சேறின. மெய்ப்பாட்டியல், சூழ்ச்சி, நினைதல், கருதல், ஆராய்ச்சி ஆகியவற்றை வேறுவேறாக எண்ணுகிறது. எண்ணத்துக்கு ஒரு சொல் அன்றி வேறில்லை என்னும் கூற்று அதன்முன் நில்லாது. புறநானூற்று 117ஆம் பாட்டில் சனிக்கோள் 'மைம்மீன்' எனப்படுகிறது. இவற்றை 1875இல் அச்சில் கண்டிருத்தல் இயலாது.

ஆயினும் தரவுப் பற்றாக்குறை மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. திருக்குறள் 1812இலேயே அச்சேறிவிட்டது. கால்டுவெல் அதனை நன்கறிந்தவர். தமிழின் மிகப் பழைய நூல்களுள் ஒன்றாக மதித்தவர். குறளில் நரகைக் குறிக்க 'அளறு' என்னும் தமிழ்ச்சொல் மூன்று இடங்களில் (255, 835, 919) வருகிறது. மறதியும் சோர்வும் தனியதிகாரம் பெற்றுள்ளன. அதற்குரிய சொல் 'பொச்சாப்பு'. செய்வதில் தளராத உறுதியைப் பற்றி 'வினைத்திட்பம்' எனும் அதிகாரமே உள்ளது. 'ஊக்கம்' மற்றோர் அதிகாரம். வாய்மை அதிகாரத்தில் பொய்யை அறிவதும், பொய்த்தபின் வருத்துவதும் 'நெஞ்சு'தான். மனச்சான்றின் தொழில் முழுவதும் அங்கே அச்சொல்லுக்கு ஏற்றப்பட்டுள்ளது. விருப்புறுதியைச் சொல்ல வேண்டுமாயின் தொல்தமிழர் அதனை ஒரு நீண்ட தொடரால் விளக்க நேர்ந்திருக்கும் எனக் கூறியவரின் மேசைமீதே இந்நூல் இருந்தது.

அவ்வாறாயின் இச்சொற்கள் ஏன் சான்றாகவில்லை? குறள் பிராமணர் வருகைக்குப் பிற்பட்டது. அதன் கருத்துகள் கலப்புற்றவை. ஆதலின் அதன் சொற்கள் தொல்நிலைக்குச் சான்றாகா என விடை கூறலாம். இவ்விடையை ஏற்பின் முறை முழுவதும் ஒரு வளையமாகிவிடுகிறது. ஒரு பொருளுக்கு வடசொல் வழங்கினால் அப்பொருள் அயலது எனப்படுகிறது. தமிழ்ச்சொல் வழங்கினாலோ, அயற் கருத்தைப் பிற்காலத்தார் தமிழால் பெயர்த்தனர் எனப்படும். எச்சொல் கிடைத்தாலும் முடிபு அசையாது. எதனாலும் மறுக்க இயலாத முடிபு வலிமையான முடிபன்று. அது சான்றோடு தொடர்பற்ற முடிபு.

இவ்வாறு கூறுவதனால், தமிழ்ச்சொல் எதுவும் அயற்சொல்லின் பெயர்ப்பாகாது எனக் கொள்ளலாகாது. புதனைக் குறிக்க நிகண்டுகள் தரும் 'அறிவன்' என்பது வடசொற்பொருளைத் தழுவி அமைந்தது போலவே தோன்றுகிறது. ஆனால் 'மைம்மீன்' அவ்வாறன்று. வடமொழிப் பெயர் மெல்லச் செல்வது எனும் பொருளது. தமிழ்ப் பெயர் கருநிறம் பற்றியது. இருவேறு நோக்குகளிலிருந்து எழுந்த பெயர்கள் இவை. எனவே எது பெயர்ப்பு, எது தனித்தோற்றம் என்பதனைச் சொற்றோறும் ஆராய்ந்தே துணிதல் வேண்டும். முற்கோள் இந்த உழைப்பைத் தவிர்த்து ஒரே விதியால் அனைத்தையும் தீர்த்துவிடுகிறது. வாதத்தின் கவர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம்.

6. சட்டகம் மாறினும் சான்று நிற்றல்

முற்கோள் சான்றை வடிவமைக்கும் மற்றொரு வழியையும் அதே நூலில் காணலாம். திராவிட மொழிகள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின அல்ல என நிறுவிய கால்டுவெல், அவற்றைச் 'சித்திய'க் குடும்பத்தோடு இணைக்க முற்பட்டார். ஒட்டுநிலை மொழிகள் பலவற்றை ஒரே பெருங்குடும்பமாகக் காணும் போக்கு அக்கால அறிஞரிடம் வேரூன்றியிருந்தது. ஒரு மொழி இவ்விரு பெருங்குடும்பங்களில் ஒன்றைச் சார்ந்தே தீரும் என்னும் முற்கோள் அதன் அடியில் இருந்தது. மூன்றாம் வாய்ப்பாகிய தனித்து நிற்றல், வினாவுக்குள்ளேயே இடம்பெறவில்லை.

பெகிஸ்தூனில் தாரயவு மன்னன் மும்மொழியில் வெட்டுவித்த கல்வெட்டின் இரண்டாம் மொழி அன்று 'சித்தியம்' எனக் கருதப்பட்டது. வேற்றுமை உருபுகளிலும் முன்னிலைப் பெயரிலும் அம்மொழிக்கும் திராவிடத்துக்கும் உள்ள ஒற்றுமைகளைக் கால்டுவெல் ஆர்வத்தோடு எடுத்துக்காட்டினார். அம்மொழி எலாமியம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று; அது துருக்கிய மொழிகளுக்கோ பின்னிய மொழிகளுக்கோ உறவன்று. சித்தியக் கொள்கை வீழ்ந்தது. ஆனால் ஒற்றுமைகள் எஞ்சின. 1970களிலும் 1981இல் வெளியிட்ட நூலிலும் டேவிட் மக்ஆல்பின் எலாமிய-திராவிட உறவுக் கொள்கையை முன்வைத்தபோது, இவ்விரு மொழிகளுக்கும் இடையிலான ஒப்புமைகள் புதிய சட்டகத்தில் மீண்டும் சான்றாயின. அக்கொள்கையும் பரவலாக ஏற்கப்படவில்லை. சட்டகங்கள் மாறிவந்துள்ளன, ஒப்புமைகளோ ஒவ்வொரு சட்டகத்திலும் அதற்குரிய பொருளை ஏற்றுக்கொண்டன. ஒரு தரவு பல கொள்கைகளுக்கு எளிதில் ஒத்துப்போகுமாயின், அவற்றுள் எதனையும் அது தனித்து நிறுவாது என்பதனை இது உணர்த்துகிறது.

7. முற்கோளின் வழித்தோன்றல்கள்

கால்டுவெல்லின் முடிபை மறுத்தோர் பலர். முற்கோளை மறுத்தோர் சிலரே. இதுவே இப்பொருளில் மிகவும் கவலைக்குரியது.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் தமிழின் ஆற்றலை மீட்டுத் தந்தது. வழக்கொழிந்த சொற்கள் பல அதனால் உயிர்பெற்றன. ஆனால் அவ்வழியில் எழுந்த சொல்லாராய்ச்சி நூல்கள் சிலவற்றில், 'சொல் தமிழாயின் பொருளும் தமிழருடையது. சொல் அயலதாயின் பொருளும் அயலது' என்னும் பழைய விதியே ஏற்கப்பட்டது. விதியை ஏற்றபின், ஒரு பொருளைத் தமிழருடையது எனக் காட்ட அதன் பெயரைத் தமிழ் எனக் காட்டியே தீர வேண்டும் என்னும் நெருக்கடி எழுந்தது. ஒலி விதிகளைக் கடந்த வேர்ச்சொல் விளக்கங்கள் பல இந்நெருக்கடியின் விளைவே. பண்டைத் தமிழருக்கு மனச்சான்று இருந்தது எனக் காட்ட, அதற்கு இன்று வழங்கும் சொல்லின் பிறப்பை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. விதியை விலக்கினால் தேவையே அற்றுப்போகும்.

எதிர்முனையிலும் இந்நிலை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப்பிள்ளை, 1956இல் வெளிவந்த தம் தமிழ் மொழி இலக்கிய வரலாற்று நூலில், நூல்களின் காலத்தைக் கணிக்கையில் வடசொற் பயிற்சியையும் வடநூற் கருத்துச் சாயலையும் கணக்கிற் கொண்டார். பாட ஆராய்ச்சியில் அவர் காட்டிய நேர்மை போற்றற்குரியது. ஆயினும் இரு நூல்களில் ஒரு கருத்து ஒத்திருத்தல் ஒப்புமைக்கு மட்டுமே சான்று. கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்னும் திசைக்கு அது சான்றாகாது. திசையை நிறுவ வேறு சான்று வேண்டும். அது காட்டப்படாதவிடத்துத் திசையைத் தருவது முற்கோளே. ஒரு சாராரின் முற்கோள் திசையை வடக்கிலிருந்து தெற்காகவும், மறுசாராரின் முற்கோள் தெற்கிலிருந்து வடக்காகவும் காட்டுகிறது. இடையில் நிற்கும் சொல் இருவருக்கும் ஒன்றே. இரு தரப்பும் நெடுங்காலம் வாதிட்டும் ஒருவர் சான்று மற்றவரை அசைக்காமைக்கு இதுவே காரணம் எனலாம்.

8. இன்மை எப்போது அளவையாகும்?

இன்மையை அறவே சான்றாகக் கொள்ளலாகாது எனின் அதுவும் மிகையாகும். நம் அளவை நூல்கள் இதனை நுட்பமாக ஆராய்ந்துள்ளன. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி காண்டல், கருதல், உரை ஆகியவற்றோடு அபாவத்தையும் எண்ணுகிறது. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் வரும் அளவை வரிசையிலும் அதற்கு இடமுண்டு. வடமொழித் தருக்க நூலார் இதற்கு ஒரு வரம்பு விதித்தனர். இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்னும் தகுதியுடைய பொருள் தென்படாதபோதே அதன் இன்மை துணியப்படும். ஒளியுள்ள தரையில் குடம் காணப்படவில்லையெனின் குடம் இல்லை. இருளில் காணப்படவில்லையெனின் அவ்வாறு துணிதல் இயலாது.

இவ்வரம்பைச் சொல்லாராய்ச்சிக்குப் பொருத்தினால் இரு வினாக்கள் எழும். அச்சொல் இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்குமா? கிடைத்த பனுவல்கள் அதனைப் பயன்படுத்த வேண்டிய பொருளைப் பேசுவனவா? தொல்திராவிட நிலைக்குப் பனுவலே இல்லை. அங்குத் தரை முழுவதும் இருள். ஆதலின் அங்கே உண்மை மட்டுமே சான்றாகும், இன்மை ஆகாது.

பிற்கால ஒப்பாய்வு பெரிதும் இவ்வழியிலேயே சென்றுள்ளது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) இனச்சொற்கள் கிடைத்த இடங்களை மட்டுமே பதிவு செய்கிறது. ஒரு பொருளுக்குப் பதிவில்லை என்பது அப்பொருள் இல்லை என்று ஆகாது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தம் திராவிட மொழிகள் (2003) நூலில் தொல்திராவிடப் பண்பாட்டை மீட்டமைக்கையில், தமிழ் ஒன்றையே தொல்மொழியின் இடத்தில் நிறுத்தாமல், கிளைமொழிகள் பலவற்றிலும் காணும் இனச்சொற்களை அடிப்படையாகக் கொள்கிறார். எமனோ 1956இல் முன்வைத்த 'இந்தியா ஒரு மொழிப்புலம்' என்னும் கொள்கை, கொடையும் கொள்ளலும் இருவழிப்பட்டவை எனக் காட்டியமையால், கடன்சொல்லை வறுமையின் அடையாளமாகக் காணும் நோக்கும் தளர்ந்தது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன இவை. முதலாவது, முற்கோள் முடிபில் வெளிப்படுவதைவிட, எது சான்றாக எண்ணப்படுகிறது என்பதிலேயே தெளிவாக வெளிப்படுகிறது. இரண்டாவது, ஒரே தரவு ஒரு நூலின் இரு பகுதிகளில் இருவேறு பொருள்படுமாயின், அவ்விடமே முற்கோளைக் கண்டறிய ஏற்ற வாயில். மூன்றாவது, ஒரு வாதத்தை மறுப்பவர் அதன் முற்கோளை ஏற்றுக்கொண்டே மறுப்பாராயின், தலைகீழான அதே வாதத்தையே அவர் படைக்க நேரும்.

மொழிபெயர்ப்பாளருக்கு இதில் தனியே ஒரு செய்தி உண்டு. 'இதற்குத் தமிழில் சொல் இல்லை' என்பது மொழிபெயர்ப்புப் பணியில் அடிக்கடி எழும் கூற்று. அது பெரும்பாலும் மூலமொழியின் சொற்பகுப்புக்கு ஒன்றுக்கு ஒன்றாக நிற்கும் சொல் உடனே கிடைக்கவில்லை என்னும் அளவிலேயே உண்மை. நெஞ்சு, உள்ளம், உரன், திட்பம், ஊக்கம், துணிவு எனத் தமிழ் பகுத்துக்கொண்ட வழி வேறு. ஆங்கிலம் பகுத்துக்கொண்ட வழி வேறு. ஒரு மொழியின் பகுப்பை அளவுகோலாக்கி மற்றொன்றை அளந்தால், அளக்கப்படும் மொழி எப்போதும் குறையுடையதாகவே தோன்றும். கலைச்சொல் குழுக்களிலும் பாடநூல் மொழிபெயர்ப்பிலும் இக்கூற்று இன்றும் முடிவான சான்றாக முன்வைக்கப்படுகிறது. அதன்மேல் ஆங்கிலச் சொல்லை அப்படியே ஏற்பதோ, பொருந்தாப் புதுச்சொல்லைப் படைப்பதோ நிகழ்கிறது. அவ்விடத்தில் கேட்க வேண்டிய வினா ஒன்றே: நாம் தேடிய இடத்தில் ஒளி இருந்ததா?

கால்டுவெல் தம் காலத்து ஒளியில் தேடினார்; கண்டவற்றை உண்மையோடு எழுதினார். காணாதவற்றையும் கண்டவை போலவே எழுதியதுதான் அவர் வாதத்தின் குறை. அக்குறையை அவரிடம் காண்பது எளிது. நமக்கு உடன்பாடான முடிபுகளைத் தரும் நூல்களிலும் அதனைக் காண்பதே திறனாய்வின் கடமை.